ஒன்பதாம் தடத்தின் எண்

ஜூலை 3, காலை 7.40

எட்டாம் எண் கழிவுநீர்க் கண்காணிப்பு நிலையம். பதிவு செய்பவர்: ஜைபுன்னிஸா, நுண்ணுயிர் ஆய்வர்.

மின்கலம் நிறைவு. உறைபெட்டி கழித்தல் எழுபத்தெட்டு டிகிரியில் நிற்கிறது. உயிருள்ள ஒன்பது தடங்களிலும் மாதிரி எடுத்தாயிற்று. மழை இல்லை.

இதைப் பின்னால் யாராவது எடுத்துப் படித்தால் புரிய வேண்டும். அதற்காக ஒருமுறை எழுதி வைக்கிறேன். நகரத்தின் சாக்கடை முழுவதும் இங்கே வந்து சேர்கிறது. பதினொரு பகுதிகள், பதினொரு குழாய்த் தடங்கள். ஒவ்வொரு பகுதியைச் சுற்றியும் வேலி. உள்ளே இருப்பவர் வெளியே வரக்கூடாது. வெளியே இருப்பவர் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. உள்ளே எத்தனை பேர் மிச்சம், அவர்களுக்குள் ஊமைக் காய்ச்சல் எவ்வளவு என்பதைச் சாக்கடையிடம் கேட்டுத்தான் சொல்கிறோம்.

ஆட்களை எண்ணுவதற்கு மிளகாய். மிளகாய்ச் செடிக்கு வரும் ஒரு வைரஸ் உண்டு. மனிதனை அது ஒன்றும் செய்யாது. குழம்பில் போய், வயிற்றின் வழியே வெளியே வந்துவிடும். சாக்கடையில் அது எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்து அந்தப் பகுதியில் எத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போடலாம். அதை மிளகாய் எண் என்போம். காய்ச்சல் வைரஸைத் தனியாகத் தேடுவோம்.

இரண்டு எண்களையும் தினமும் கட்டுப்பாட்டு அறைக்கு வானொலியில் சொல்ல வேண்டும். எழுதி அனுப்பக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும் என்பது மாநில ஆயத்தத் திட்டத்தின் கடைசித் திருத்தம். ஊமைக் காய்ச்சல் முதலில் குரலைத்தான் எடுக்கும். குரல் இருப்பவர் நலமாக இருப்பவர். எனவே தினமும் முதலில் ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்ட வேண்டும். பிறகுதான் எண்கள்.

இன்று எண்ணினேன். சொன்னேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 6, காலை 8.15

நான்காம் தடம் அவிந்தது. மிளகாய் எண் சுழியம், ஐந்தாவது நாளாக. குழாயில் ஓடும் நீரைக் காட்டும் ஓட்டமானியும் அசையவில்லை. இதோடு மூன்று தடங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் துணை இயக்குநர் ஆளவந்தார். நேரில் பார்த்ததில்லை. ஐந்து மாதமாகக் குரல் மட்டும்.

"நாலு சுழியம்னு எழுதிக்கிறேன் மேடம். தண்ணி, கரண்ட், ரேஷன் எல்லாம் நிறுத்தச் சொல்லிடறேன். சரிங்களா?"

"சரி சார்."

"வேற ஏதாவது?"

"இல்ல சார்."

என் வீடு நான்காம் தடத்தில். வேலி போட்ட அன்று நான் இங்கே பணியில் இருந்தேன், என் கணவர் தாவூத் வீட்டில் இருந்தார். தாவூதுக்கு வயிற்றுப் புண். இருபது வருடமாக மிளகாய் தொடுவதில்லை. என் எண்களில் அவர் ஒருநாளும் இருந்ததில்லை. எனவே எண் சுழியமானதற்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்று வாதிடலாம்.

ஆனால் ஓட்டமும் இல்லை. அந்த வாதம் நிற்காது.

கையுறை இருப்பு பாதிப் பெட்டி. உறைபெட்டியில் பனி சேர்கிறது. நாளை சுரண்ட வேண்டும்.

ஜூலை 9, காலை 7.55

ஒன்பதாம் தடம். ஊஞ்சப்பள்ளம் அடுக்குமாடிக் குடியிருப்பு. போன வாரம் தொண்ணூறு. இன்று பதினொன்று. காய்ச்சல் வைரஸ் இல்லை.

திட்டத்தின்படி முப்பதுக்குக் கீழே போனால் தடம் கணக்கில் இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து கீழே இருந்தால் ஆளற்றது என்று அறிவித்து எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம்.

ஓட்டமானியைப் பார்த்தேன். காலையில் கோடு கொஞ்சம் எழும்புகிறது. பிறகு படுத்துவிடுகிறது. நேற்றும் அப்படித்தான். யாரோ எழுந்து குளிக்கிறார்கள்.

"சார், ஒன்பதுல ஆள் இருக்காங்க."

"ட்ரோன் அனுப்பிப் பாத்துட்டோம் மேடம். ஒண்ணும் தெரியல. பைப் லீக்கா இருக்கும்."

"லீக்ல மிளகாய் வராது சார்."

"பதினொண்ணு தானே மேடம். உங்க மெஷின் தப்பு எவ்வளவு வரும்?"

"ஏழெட்டு."

"அப்ப மூணு பேராவும் இருக்கலாம். சாக்கடைல தேங்கிக் கெடந்த பழசாவும் இருக்கலாம். முப்பதுக்குக் கீழ எனக்குப் பேச எடமில்ல."

ஜூலை 10, காலை 10.30

உள்ளூர் அலைவரிசையில் நீரேற்று நிலையத்தைக் கூப்பிட்டேன். நாச்சிமுத்து அங்கே வால்வு இயக்குபவர். எல்லாத் தடங்களுக்கும் தண்ணீர் திறப்பதும், வாரம் இருமுறை வேலி வாசல்களில் ரேஷன் பொட்டலங்களை வைத்துவிட்டு வருவதும் அவர் வேலை. அவரும் தனியாள்தான்.

"ஒன்பதுல வெச்ச பொட்டலத்த யாராச்சும் எடுக்கறாங்களா?"

"எடுக்கறாங்க டாக்டரம்மா. மொதல்ல எல்லாங் காணாமப் போகுமுங்க. இப்ப நாலஞ்சுதான் காணாமப் போகுது. நாயா மனுசனான்னு சொல்ல முடியலீங்க. நாம வாசல்ல வெச்சுப்போட்டு வந்துடறமுங்க, நின்னு பாக்கறதில்லீங்களே."

"அடுத்த தடவ கொஞ்சம் நின்னு பாருங்க."

"ஆகட்டுங்க."

ஜூலை 13, காலை 9.05

ஐந்தாவது நாள். ஒன்பதாம் தடம் பன்னிரண்டு.

நாச்சிமுத்து சற்று முன் கூப்பிட்டார். "மூணாவது கட்டடத்து மொட்டை மாடியில சீல காயுதுங்க டாக்டரம்மா. போன தடவ பச்சை. இன்னிக்கு வேற கலருங்க. நாய் சீல தொவைக்காதுங்க."

இதை ஆளவந்தாரிடம் சொன்னேன். 

"மேடம், அந்த முப்பது நான் போட்டதுதான். திட்டம் எழுதறப்போ மீட்டிங்ல ஒரு நம்பர் கேட்டாங்க. எல்லாரும் சாப்பிடப் போற நேரம். முப்பதுன்னேன். யாரும் ஏன்னு கேக்கல. இப்ப அத மாத்தணும்னா ஏழு பேர் கையெழுத்துப் போடணும். அதுல அஞ்சு பேர் இல்ல."

"அப்ப என்ன பண்றது?"

"இன்னிக்கு ரிப்போர்ட் மத்தியானம் வரைக்கும் எடுத்துக்குங்க. இன்னொரு தடவ ஓட்டிப் பாருங்க. எனக்கு நீங்க சொல்ற நம்பர்தான்."

அதே நாள், பிற்பகல் 1.50

இன்னொரு தடவை ஓட்டினேன்.

கழிவறைக்குப் போய் வந்து, மாதிரியில் என்னுடையதைக் கலந்தேன். முதல்முறை அதிகமாகிவிட்டது. பதினோராயிரம் பேர் என்று காட்டியது. கொட்டிவிட்டு நீர்க்க நீர்க்கக் கலந்தேன். நாலாவது முறை நாற்பத்து மூன்று. அதை வைத்துக்கொண்டேன்.

"ஒன்பது, நாப்பத்து மூணு சார். அடைப்பு ஏதோ விட்டுடுச்சு போல."

"நாப்பத்து மூணு. எழுதிக்கிட்டேன். தண்ணி தொடரும்."

விதிப்படி, பின்னால் யாராவது சரிபார்ப்பதற்காக, மாதிரியில் பாதியை உறைபெட்டியில் வைத்தேன். கையைக் கழுவினேன். மதியம் சோற்றில் மிளகாய்த்தூளைக் கூடுதலாகப் போட்டுச் சாப்பிட்டேன். எதுவும் தோன்றவில்லை. வேலைபோல இருந்தது.

ஜூலை 19, காலை 8.20

ஒன்பதாம் தடம்: நாற்பத்தொன்று (சொன்னது). பதினான்கு (உண்மை). காய்ச்சல் வைரஸ் இல்லை.

மற்ற ஏழு தடங்களில் மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் பேர். முதல் தடத்தில் காய்ச்சல் கூடுகிறது.

இன்று எண்களைச் சொல்லி முடித்த பிறகும் ஆளவந்தார் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"மேடம், டீசல் கொறஞ்சிட்டே வருது. ஒன்பதுக்குப் போற தண்ணிய மேட்டுப் பக்கம் திருப்பினா அங்க ரெண்டாயிரம் பேருக்கு ஒரு வேள கூட வரும். தெரிஞ்சுக்கணும்னு சொல்றேன். வேற ஒண்ணுமில்ல."

"சரி சார்."

"நீங்க சாப்டீங்களா?"

"சாப்டேன் சார்."

அவருக்குத் தெரிந்திருக்கலாம். அந்த இரண்டாயிரம் பேரை நினைத்துப் பார்க்க முயன்றேன். இரண்டாயிரம் பேரை நினைக்க முடியவில்லை. சீலையை நினைக்க முடிகிறது.

ஜூலை 24, காலை 8.40

ஒன்பதாம் தடத்தின் மாதிரியில், அதாவது என்னுடையதும் கலந்த மாதிரியில், காய்ச்சல் வைரஸ்.

மறுபடி ஓட்டினேன். இருக்கிறது.

கலக்காத மாதிரியை ஓட்டினேன். மிளகாய் எண் பதின்மூன்று. வைரஸ் இல்லை.

ஒன்பதாம் தடத்தில் இருப்பவர்கள் நலம். நான் நலமில்லை.

எங்கிருந்து என்று தெரியவில்லை. போன வாரம் முதல் தடத்து மாதிரிக்குழாய் கையில் உடைந்தது. அதுவாக இருக்கலாம். இப்போது காய்ச்சல் இல்லை. குரல் இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று நாள் இருக்கும்.

செய்ய வேண்டியது தெளிவு. இன்றே சொல்ல வேண்டும். சொன்னால் மாற்று ஆய்வர் பத்து நாளில் வந்து சேர்வார். வருபவர் ஒழுங்கானவராக இருப்பார். ஒன்பதாம் தடத்தை ஒழுங்காக ஓட்டுவார். பதின்மூன்று என்று சொல்வார்.

இனி என்னுடையதைக் கலக்க முடியாது. கலந்தால் ஒன்பதாம் தடத்தில் காய்ச்சல் என்று ஆகிவிடும், ரேஷன் வண்டி போகாது. உறைபெட்டியில் நான் நலமாக இருந்த நாட்களின் பாதி மாதிரிகள் இருக்கின்றன. பதினொரு குழாய். நாளைக்கு ஒன்றாக எடுத்துக் கரைத்து ஓட்டலாம்.

"ஒன்பது, நாப்பது சார். காய்ச்சல் இல்ல."

"எழுதிக்கிட்டேன். நீங்க நல்லா இருக்கீங்களா மேடம்?"

"நல்லா இருக்கேன்."

ஜூலை 26, காலை 8.10

தொண்டை கட்டுகிறது. சுடுதண்ணீர். உப்பு. பத்து வரை எண்ணும்போது எட்டில் உடைந்தது. இருமல் மாதிரி காட்டிக்கொண்டேன்.

"என்னாச்சு மேடம்?"

"ஏசி சார். ரூம்ல ரொம்பக் குளிருது."

"ஏசியக் கொறைங்க."

"சரி சார்."

எட்டுத் தடங்களின் எண்களையும் சொல்லி முடிக்கும் வரை குரல் இருந்தது. பிறகு தனியாகப் பேசிப் பார்த்தேன். தாவூத் என்று சொன்னேன். த் வரவில்லை.

ஜூலை 27, காலை 8.30

ஆறு வரை எண்ணினேன். ஏழு வரவில்லை. வாயைத் திறந்தேன், காற்று வந்தது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவர் மெதுவாகப் பேசினார்.

"கேட்டுச்சு மேடம். பத்து வரைக்கும் கேட்டுச்சு."

நான் பொத்தானை விடவில்லை.

"நம்பர் எல்லாம் நேத்து மாதிரிதானே? அதையே எழுதிக்கிறேன். ஒன்பதும் அதே." பேனா கீறும் சத்தம். "எங்க வீட்லயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது மேடம். வெதுவெதுன்னு ஏதாவது குடிங்க. படுங்க."

இணைப்பு போனது.

உட்கார்ந்திருந்தேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. மாதிரிகளை உறைபெட்டியில் வைத்தேன்.

ஜூலை 28, காலை 8.30

வேறு குரல். இளம் பெண். பேப்பரைப் பார்த்துப் படிப்பது கேட்கிறது.

"எட்டாம் எண் நிலையம், வணக்கம். ஒன்று முதல் பத்து வரை எண்ணவும்."

ஆளவந்தார் எங்கே என்று கேட்க வேண்டும். கேட்க முடியாது.

"எட்டாம் எண் நிலையம், ஒன்று முதல் பத்து வரை எண்ணவும்... மேடம், லைன்ல இருக்கீங்களா? மூச்சு விடற சத்தம் கேக்குது. தயவு செஞ்சு எண்ணுங்க மேடம். இல்லன்னா நான் பதிலில்லைன்னு போடணும்."

பொத்தானை அழுத்தி அழுத்தி விட்டேன். டக் டக் என்று போயிருக்கும்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பதிலில்லைன்னு போடறேன்."

திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் பின்னிணைப்பு. குரல் அறிக்கை மூன்று நாள் வராத நிலையத்தின் எல்லாத் தடங்களும் ஆளற்றவையாகக் கொள்ளப்படும். எல்லாத் தடங்களும். இதற்கு முன்பும் படித்திருக்கிறேன். ஒன்பதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இதை

இருபத்து நான்காம் தேதி சொல்லியிருந்தால் மாற்று ஆய்வர் கிளம்பியிருப்பார். பாதி வழி வந்திருப்பார். பதின்மூன்று பேருக்காகச் சொல்லாமல் இருந்தேன். ஆளவந்தார் எனக்காகச் சொல்லாமல் இருந்தார். ஏழு தடங்களில் ஆறாயிரம் பேர். காலையில் எழுந்து குழாயைத் திறக்கிறார்கள்.

காய்ச்சல் முப்பத்தொன்பது.

ஜூலை 29, மாலை

நேரம் பார்க்கவில்லை. மாதிரி எடுத்தேன்.  படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். எட்டும் ஓட்டினேன். ஒன்பதுக்கு உறைபெட்டிக் குழாய்.

காலையில் அந்தப் பெண் கூப்பிட்டாள். இரண்டாவது பதிலில்லை.

இப்போது நாச்சிமுத்து.

"டாக்டரம்மா, மெட்ராஸ் கண்ட்ரோல் ரூம்லருந்து சொல்லியிருக்காங்க. நாளை சாயங்காலத்துக்குள்ள உங்ககிட்ட இருந்து சத்தம் வரலீன்னா எல்லா வால்வையும் மூடச் சொல்றாங்க. எட்டையுமுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கலீங்க. அத்தன சனம் இருக்குது. நேத்துக்கூட அஞ்சாந் தடத்துல வேலிக்கிட்ட கைய ஆட்டுனாங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதுமுங்க."

பொத்தானை அழுத்தினேன். விட்டேன்.

"டாக்டரம்மா? ...கொரலு போயிருச்சுங்களா?"

அழுத்தினேன்.



"ஆமான்னா ஒருக்கா அழுத்துங்க. இல்லைன்னா ரெண்டுக்கா. நம்பரு எடுத்து வெச்சிருக்கீங்களா?"

ஒரு முறை.

"அப்ப நான் வர்றனுங்க. விடியக்காலம் கெளம்புனா பத்து மணிக்குள்ள வந்துருவேன். ரோட்ல மரம் விழுந்து கெடக்குது, சைக்கிள்லதான் வரணும். நம்பர எழுதி வைங்க. நான் படிச்சுச் சொல்லிப்போடறேன். எங்கொரலு நல்லாத்தானிருக்குது."

இரண்டு முறை. இரண்டு முறை. அவர் உள்ளே வந்தால் அவருக்கும் வரும். அவருக்கு வந்தால் வால்வுக்கு ஆளில்லை.

"உள்ள வரலீங்க. கண்ணாடி சன்னல்ல ஒட்டி வைங்க. வெளிய நின்னு படிச்சுக்கறேன். மைக்க மட்டும் சன்னலுக்கு வெளிய வெச்சுருங்க. சரிங்களா?"

ஒரு முறை.

"ஏனுங்க டாக்டரம்மா, ஒம்போதுல நெசமாலுமே நாப்பது பேரு இருக்காங்களா?"

பொத்தானில் விரலை வைத்திருந்தேன். அழுத்தவில்லை.

"செரிங்க," என்றார். "செரிங்க."

ஜூலை 30

மைக்கைப் பினாயிலில் துடைத்து ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். கம்பி எட்டவில்லை. மேசையை நகர்த்தினேன். நகர்த்த வெகுநேரம்.

எண்களைப் பெரிதாக எழுதி உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். எட்டு வரி.

காலையில் மூன்றாவது அழைப்பு. அந்தப் பெண் மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை அவள் குரல் அழுவதுபோல இருந்தது. சாயங்காலம் ஒருமுறை கடைசியாகக் கூப்பிடுவதாகச் சொன்னாள்.

பத்து மணி ஆயிற்று. நாச்சிமுத்து வரவில்லை.

மதியம். வரவில்லை. நீரேற்று நிலையத்தைக் கூப்பிட்டு அழுத்தினேன். பதில் இல்லை. கிளம்பிவிட்டார் என்றுதான் அர்த்தம். கிளம்பாமலும் இருக்கலாம். இனி எனக்குத் தெரியாது.

படுத்தால் எழ முடியாது. உட்கார்ந்திருக்கிறேன். கால் இருக்கிறதா என்று பார்த்துத்தான் தெரிகிறது. வலி இல்லை. சொல்லப்போனால் எதுவும் இல்லை.

இந்தக் காய்ச்சலில் பத்தில் இரண்டு பேர் பிழைத்து எழுந்துவிடுகிறார்கள். குரல் மட்டும் திரும்புவதில்லை. அது போதும். குழாய் கழுவக் குரல் வேண்டாம்.

வெயில் சாய்கிறது. ஏதோ வண்டிச் சத்தம் கேட்பதுபோல இருக்கிறது. காய்ச்சலாகவும்

யார் வந்தாலும். நாச்சிமுத்து ஆனாலும் வேறு யாரானாலும். உள்ளே வராதீர்கள். என்னைத் தொடாதீர்கள், நான் தூங்குவதுபோல இருந்தாலும். இந்தக் குறிப்பையும் ஜன்னலில் ஒட்டுகிறேன். மைக்கின் பக்கத்தில் கறுப்புப் பொத்தான். அழுத்திக்கொண்டே பேச வேண்டும். ஆய்வர் எங்கே என்று கேட்பார்கள். நான்தான் மாற்று ஆள் என்று சொல்லுங்கள். ஒன்று முதல் பத்து வரை எண்ணிக் காட்டுங்கள். பிறகு எட்டு வரிகளையும் மேலிருந்து படியுங்கள். அவசரப்படாமல்.

ஏழு வரி உண்மை. சரிபார்த்தது.

ஒன்பதாம் தடத்துக்கு நேரே நாற்பத்திரண்டு என்று இருக்கும். அது பொய். அங்கே பதின்மூன்று பேர்தான். தயங்காமல் படியுங்கள். தயங்கினால் கண்டுபிடி